புலவர் வளர்ந்த விதம்

மனித வரலாற்றில் பயிர் வளர்ந்திருக்கிறது, நகரம் வளர்ந்திருக்கிறது, மேலதிகாரிகளின் மேஜைகூட வளர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு மாணவனின் எழுத்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நாற்பது மதிப்பெண்ணுக்கு அளந்து சொல்லும் வல்லமை இந்தக் கதையில் வரும் கல்லூரிக்குத்தான் முதன்முதலில் வாய்த்தது. அந்த வல்லமைக்குக் கிடைத்த நடமாடும் சான்று நமது புலவர்.

புலவர் என்பது வீட்டில் கேலிக்காக வைத்த பெயர். அவர் அதை விருதாக வாங்கிக்கொண்டார். இரண்டாம் ஆண்டு மாணவர். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எழுத்தாளனுக்கு வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி மட்டும் போட்டிருந்தார். எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்த அன்றே பேச்சுத் தமிழைத் 'துறந்தார்'. காலையில் சமையலறை வாசலில் நின்று, "அன்னையே, தேநீர் ஆயத்தமா?" என்று வினவுவார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏன்டா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்பாள். பஸ்ஸில் ஏறி, "நடத்துநர் அவர்களே, அடுத்த நிறுத்தத்திற்கு அடியேனுக்கு ஒரு பயணச்சீட்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நிறுத்தம் போய்விடும். இறங்கித் திரும்பி நடப்பார். மொழிக்காகச் செருப்புத் தேய்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எழுத்தில் அவர் இன்னும் தாராளம். 'மழை பெய்தது' என்று எழுதக் கை கூசும். 'கார்முகிற் கூட்டங்கள் தம் கண்ணீர்க் கலசங்களைக் கவிழ்த்தன' என்றுதான் எழுதுவார். தொடங்கிய வாக்கியத்தை முடிக்க மனம் வராது. முடித்தால் அதற்கு வருத்தமாக இருக்குமே என்று இன்னும் நாலு சொல் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார். சில சொற்களுக்குப் பொருள் அவருக்கே தெரியாது. தெரிந்த சொற்களை மட்டும் எழுதுகிறவன் மொழியை வளர்க்க முடியாது என்பது அவர் கொள்கை.

கையால்தான் எழுதுவார். படைப்பவன் டைப் அடிப்பது தகாது. அந்தத் தகாத வேலைக்கு அக்கா இருந்தாள். கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. வாடகை ஒப்பந்தம், விடுப்பு விண்ணப்பம், காணாமல் போன நாய்க்கான அறிவிப்பு என்று பகல் முழுக்க டைப் செய்துவிட்டு, கடை மூடுகிற நேரத்தில் தம்பியின் கட்டுரையைக் கையில் எடுப்பாள். டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் போட்டு, அவளே ரோட்டைக் கடந்து பேராசிரியையின் மேஜையில் வைத்துவிட்டும் வருவாள். புலவர் அந்தப் பக்கங்களைப் புரட்டியதே கிடையாது. எழுதியதைத் திரும்பப் படிப்பது சந்தேகப் பிராணிகளின் பழக்கம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

முதல் கட்டுரையைக் கையெழுத்தாகவே கொடுத்தார். 'படிக்கும்போது மூச்சு வாங்குகிறது' என்று ஓரத்தில் எழுதி, இரக்கத்துக்காக ஒரு மதிப்பெண் போட்டிருந்தார் பேராசிரியை. இனி டைப் செய்துதான் தரவேண்டும் என்று உத்தரவு வந்த பிறகு வந்த கட்டுரைகளைப் பார்த்து அந்த அம்மாள் அசந்துபோனார். புலவருடைய வாக்கியங்களின் நீளத்தை அளந்து ஒரு வரைபடமே போட்டார். கோடு மலையிலிருந்து உருண்டமாதிரி கீழே இறங்கியது. வளர்ச்சி கீழ்நோக்கிப் போகக் கூடாது என்று கல்லூரி முதல்வர் ஆட்சேபித்ததால் அதைத் தலைகீழாக மாட்டினார்கள். அப்புறம் பார்க்க நன்றாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. மாணவர்கள் வளர்ந்திருப்பதை நேரில் காட்டாவிட்டால் எழுத்துப் பயிற்சி வகுப்பையே மூடிவிடுவார்கள். பேராசிரியை புலவரைக் கூப்பிட்டனுப்பினார். 'எழுத்தாளனாக நான் வளர்ந்த விதமும், மொழி குறித்த என் மனப்போக்கும்' என்று ஓர் அறிக்கை எழுதி, குழுவின் முன்னால் அவரே வாசிக்கவேண்டும். நாற்பது மதிப்பெண். தவறினால் அடுத்த ஆண்டும் இரண்டாம் ஆண்டுதான்.

"உங்க எழுத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா?" என்று பேராசிரியை ஒரு கட்டுரையை எடுத்துப் படித்தார். "'அம்மா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நனைந்தாள். பிறகு இரண்டு நாள் தும்மினாள்.' அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொல் இல்ல. எப்படி எழுதினீங்க?"

பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று புலவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் குடையை வைத்து அவர் எழுதியது தாய்மையின் ஈரம் பற்றி முழுதாக மூன்று பக்கம். கட்டுரைக் கட்டை வாங்கிக்கொண்டு வந்து, தாழ்வாரத்தில் நின்று, வாழ்நாளில் முதன்முறையாகத் தன் எழுத்தைப் படித்தார். ஆறு பக்கங்கள் ஒன்றாகியிருந்தன. கலசங்களைக் காணோம். மழை வெறுமனே பெய்துகொண்டிருந்தது.

ரோட்டைக் கடந்து கடைக்குள் புகுந்தார்.

"தமக்கையே, என் கட்டுரைகளின் அங்கங்கள் எங்கே?"

"என்னது?"

"நான் எழுதியவற்றில் பெரும்பகுதியைக் காணவில்லை."

"ஓ, அதுவா. கடை மூடற நேரம்டா. படிச்சதும் புரியறதை டைப் பண்ணுவேன், புரியாததை விட்டுடுவேன். உக்காந்து யோசிக்க எனக்கு ஏது நேரம்?"

கல்லூரி முழுவதும் வியந்த அந்தச் சொற்சிக்கனம், ஷட்டர் இறக்குகிற அவசரம் என்று தெரிந்தபோது புலவருக்குக் காது சிவந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் வேறு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் காதில் விழும்படியாகவே சொன்னார்: "மொழி உனக்கு விரல் நுனிவரைதான் எட்டியிருக்கிறது. அதற்கு மேல் ஏறவேயில்லை. இனி நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட விடாதே."

புலவர் தன் வாழ்நாளில் பேசிய வாக்கியங்களிலேயே கேட்டவுடன் எல்லோருக்கும் புரிந்தவை அவைதான். அக்கா கொஞ்ச நேரம் கீ போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, விடமாட்டேன்" என்றாள்.

புலவர் இதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போன பிறகு அது அவ்வளவு நல்ல வெற்றியாகத் தெரியவில்லை. அக்கா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள். கேலிக்குக்கூட யாரும் புலவரே என்று கூப்பிடவில்லை. பட்டம் பறிபோனது அவருக்கு நிஜமாகவே வலித்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அதற்குத் தகுந்த உயர்ந்த நடை அமையவில்லை.

அறிக்கையை எழுத உட்கார்ந்தார். வழக்கமாக ஆற்று வெள்ளமாக ஓடும் பேனா இந்த முறை நொண்டியது, நின்றது, முனையைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தது (இந்தக் கதையை டைப் செய்பவள் அக்காவாக இருந்தால், பேனாவுக்கு வாயேது என்று கேட்டிருப்பாள், இந்த வாக்கியம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது). நாலு வரி எழுதுவதும், அதன்மேல் கோடு கிழிப்பதும், தனக்குத்தானே ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொள்வதுமாக ஒரு வாரம் போயிற்று. கடைசிப் பக்கத்தில் நாலைந்து வரி எழுதி, அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கோட்டுக்கு இரண்டு கோடாகக் கிழித்தார். பக்கத்தில் 'வேண்டாம்' என்றும் எழுதினார். மொத்தக் கட்டையும் அக்காவின் பைக்கு அருகில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

குழு வந்த நாள் காலையில் அக்கா நேராக மண்டபத்துக்கே வந்து காகிதக் கட்டைக் கையில் கொடுத்தாள். புலவர் அதைப் பிரிக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார். கனமாக இருந்தது. ஒரு எழுத்தும் விடுபடவில்லை என்று திருப்தியோடு மேடை ஏறினார். முதல் வரிசையில் ஆய்வுக் குழு, பக்கத்தில் பேராசிரியை, சுவரில் தலைகீழ் வரைபடம். அக்கா பின்கதவருகே கடைச் சாவியோடு நின்றாள்.

"மொழியெனும் மாகடலில் யான் ஒரு சிறு தோணி" என்று புலவர் கணீரென்று தொடங்கினார். "தோணியா ஓடமா, அகராதி பார்க்கவும்."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. புலவர் கவனிக்கவில்லை. வாசிப்பது தன் எழுத்து என்பதால், ஒன்றும் புரியாமல் வாசிப்பது அவருக்கு இயல்பாகவே இருந்தது.

"என் நடை நாளடைவில் சிக்கனத்தை நோக்கிப் பயணித்தது. சிக்கனத்தைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் சேர்க்கவேண்டும்." அடுத்த பத்தியில், "இவ்விடத்தில் குரல் தழுதழுக்கவேண்டும்" என்பதை மணி அடித்தாற்போல் முழங்கினார். "பேராசிரியைக்கு இப்படிச் சொன்னால் பிடிக்கும்" என்று அவர் வாசித்தபோது பேராசிரியையின் கையிலிருந்து பேனா விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் புலவருக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். கோடு கிழித்தது, ஓரத்தில் கிறுக்கியது, எல்லாம் ஒரே அச்சில், ஒரே வரிசையில் இருந்தன. 'இங்கே தேநீர் கொட்டியிருக்கிறது, ஒரு சொல் தெரியவில்லை' என்று அவள் பங்குக்கு ஒரு வரியும் இருந்தது.

நிறுத்தினால் நாற்பது மதிப்பெண் போகும், வகுப்பே போகும். குழுத் தலைவரோ தலையை ஆட்டி ஆட்டி என்னவோ குறித்துக்கொண்டிருந்தார். புலவர் கண்ணை மூடிக்கொண்டு நீந்துகிறவர்போல வாசித்துக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அந்த வரிகள் அங்கே இருந்தன. அவற்றை மட்டும் தாண்டிப்போகலாம். தாண்டினால் மண்டபத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

வாசித்தார். "எனக்கு வளர்ச்சி எதுவும் இல்லை. அக்கா வெட்டினாள், எனக்கு மதிப்பெண் வந்தது. பேச்சுத் தமிழ் கேவலம் என்று சொன்னேன். அக்காவிடம் அத்தனை கேவலமாகப் பேசியது நல்ல தமிழில்தான். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வேண்டாம்."

குரல் தழுதழுக்கவேண்டும் என்று அந்த இடத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. ஆனாலும் தழுதழுத்தது.

குழுத் தலைவர் எழுந்து கை தட்டினார். தன்னையே திருத்திக்கொண்டு போகிற மாதிரி எழுதுவது மிக நவீனமான 'உத்தி' என்றும், இப்படிப்பட்ட வளர்ச்சியைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்றும் பேசினார். "அதிலும் அந்த அக்கா. என்ன ஒரு கற்பனைப் பாத்திரம்."

"ஐயா, அது கற்பனை இல்லை" என்றார் புலவர். "அதோ, கதவுகிட்ட நிக்கிறா."

தலைவர் திரும்பிப் பார்த்தார். கதவருகே யாரும் இல்லை. கடை திறக்க நேரமாகிவிட்டது. தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, மனுஷன் இன்னும் உத்தியை விட்டு இறங்கல."

புலவர் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், குடையைப் பற்றிய இரண்டு வரிகளை நினைத்திருக்கவேண்டும். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் வகுப்பு பிழைக்கவேண்டுமே. "ஆமாம் சார்," என்றார், "கற்பனைதான்."

நாற்பதுக்கு நாற்பது. கூடவே ஒரு 'வளர்ச்சிச் செம்மல்' சான்றிதழ். அதன் வாசகத்தைக் குழுவே கூடி எழுதியது. அதை நல்ல காகிதத்தில் டைப் செய்து வாங்கி வரும்படி புலவரிடமே கொடுத்தனுப்பினார்கள். அதற்கான தங்கக் கரை போட்ட வெற்றுக் காகிதத்தின் அடியில் தலைவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்திருந்தார்.

கடையில் வேறு ஆள் இல்லை. புலவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா" என்றார்.

தமக்கை என்று காதில் விழாததால் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் கடைசிப் பக்கத்து வரிகள் மேல நான் கோடு போட்டிருந்தேனே. ஏன் சேத்த?"

"ஒரு எழுத்துகூட விடாதேன்னு நீதானே சொன்ன?" என்றவள், ஸ்டேப்ளரை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அதோட, அத்தனை பக்கத்துல எனக்குப் படிச்சதும் புரிஞ்சது அது ஒண்ணுதான்டா."

புலவர் குழுவின் வாசகத்தையும் கையெழுத்திட்ட காகிதத்தையும் நீட்டினார். அக்கா அதை மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். 'மொழிவெளியில் தன்னிலையைக் கட்டவிழ்த்து வளர்ச்சியின் பன்முகப் பரிமாணங்களை மீள்வரையறை செய்தமைக்காக' என்று போய்க்கொண்டே இருந்தது. பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களின் கூட்டத்தில் அது யாருடைய பெயர் என்றும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு தேதி இருந்தது.

"இதுல என்னத்தைடா டைப் பண்ண?"

"உனக்குப் படிச்சதும் புரியறது இருந்தா அதை மட்டும் பண்ணுக்கா."

அந்தச் சான்றிதழ் இன்றும் முதல்வர் அறையில், தலைகீழ் வரைபடத்துக்குக் கீழே தொங்குகிறது. சுற்றிலும் தங்க நிறக் கரை, அடியில் கையெழுத்து, முத்திரை, நடுவில் ஒரு தேதி மட்டும். வருகிற அதிகாரிகள் எல்லோரும் அதன் முன்னால் நின்று, ஆழ்ந்து படித்து, தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கல்லூரி இதுவரை வழங்கியவற்றில் பொய் இல்லாத ஒரே சான்றிதழ் அதுதான்.