வாய் திரும்பிய ப்ளோயர்

கூச்சக்காரர்களை விசிறி வாங்க அனுப்பக் கூடாது. புடவை எடுக்க அனுப்பலாம், பெண் பார்க்கக்கூட அனுப்பலாம். அங்கெல்லாம் தலையை ஆட்டினாலே வேலை நடந்துவிடும். விசிறிக் கடையில் கேள்வி கேட்கிறார்கள். நாம் ஆட்டுகிற தலையைப் பதில் என்று எடுத்துக்கொண்டு, அதன்படியே செய்தும் அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்கு ஊர் ஆரணி. பத்தாவது முடித்ததும் பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் சேர்ந்தேன். ரொம்ப வருஷம் கழித்து என் மனைவி செல்வியின் அண்ணன், தன் சாயப்பட்டறையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். (பார்த்துக்கொள்வது என்றால் உண்மையிலேயே பார்ப்பதுதான். யாரையும் அதட்ட எனக்கு வராது.)

பட்டறையில் சாயத் தொட்டிகள் கொதித்தபடி இருக்கும். சாயம் பட்டில் நன்றாகப் பிடிப்பதற்காக ஓர் ஆசிட் ஊற்றுவோம். அதன் புளிப்பு வாடையும் ஆவியும் சேர்ந்து எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஒருநாள் அங்கே வேலை செய்யும் மல்லிகா என்னிடம் வந்தாள்.

“இட்லியக்கூட வெந்ததும் எறக்கிடறாங்க சார். எங்கள எப்ப எறக்குவீங்க?”

ஆவியை வெளியேற்றாவிட்டால் எல்லோரும் வேறு பட்டறைக்குப் போய்விடுவோம் என்றும் சொன்னாள். மச்சானிடம் சொன்னேன். அவர், “மாப்ள, வேலூர் போய் நல்ல ஃபேனா ஒண்ணு சொல்லிட்டு வா. ஜல்தியா!” என்றார்.

வேலூர்க் கடையில் இருந்தது ஓர் இளம்பெண். இன்ஜினியர். பட்டறை விவரத்தை எப்படியோ சொல்லிமுடித்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய றெக்கை விசிறியைக் கண்ணால் காட்டினேன்.

“அது வேணாண்ணா. சுவத்துல ஓட்ட போட்டு மாட்டி, அப்டியே வெளிய தள்றதுன்னா அது போதும். காத்து நெறைய தள்ளும், ஆனா தம் இல்ல. நீங்க தொட்டி மேல மூடி போட்டு, குழாய் வழியா இழுக்கணும்ன்றீங்க. குழாய்ல ஒரு வளைவு வந்தாலே அது மூச்சு வாங்கும். உங்களுக்கு ப்ளோயர்தான் சரி” என்றாள். எவ்வளவு காற்று தள்ளும் என்பது ஒன்று, எவ்வளவு தடையை எதிர்த்துத் தள்ளும் என்பது வேறொன்று, இரண்டையும் பார்த்துத்தான் விசிறி வாங்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினாள். ப்ளோயர் பார்ப்பதற்கு நத்தை ஓடு போல இருந்தது. பக்கவாட்டில் காற்றை உறிஞ்சி, உள்ளே சுழற்றி, ஓரத்திலிருக்கும் வாய் வழியாகத் துப்பும். ஆசிட் ஆவி பட்டாலும் துருப்பிடிக்காத தகட்டில் செய்து தருவதாகவும் சொன்னாள்.

எனக்கு எல்லாம் புரிந்தது. அதில்தான் மிதப்பு வந்துவிட்டது.

“சரிண்ணா, சுத்து வலமா, இடமா?”

வலமா இடமாவா! முப்பது வயது வரை நூல் முறுக்கில் நான் பார்த்ததே அதைத்தானே. “வலம்” என்றேன், உறிஞ்சும் பக்கம் நிற்பதாக மனதில் நினைத்துக்கொண்டு.

“மோட்டார் பக்கமா நின்னு பாத்துதான சொல்றீங்க?”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பட்டு நூலில் வலமுறுக்கு என்றால் இந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலமுறுக்கு, நூலைத் திருப்பிப் பிடித்து அந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலமுறுக்கு. எங்கே நின்று பார்த்தால் என்ன? படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே, திருத்தினால் சங்கடப்படுவாளே என்று பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ப்ளோயர் வந்து இறங்கியது. எங்கள் பட்டறைக்கு மேற்கே முள் முளைத்த காலி மனை. அந்தப் பக்கம்தான் ஆவி போகவேண்டும். சுவரில் ஓட்டைகூடப் போட்டு வைத்திருந்தோம். தூக்கி நிறுத்தினால், வாய் கிழக்கே பார்த்தது. கிழக்கே ஏழுமலை அண்ணனின் வீடு.

பொருத்த வந்த ஃபிட்டர் ப்ளோயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார், மாத்தி சொல்லிட்டீங்களா? இழுக்கற பக்கம் நின்னு பாத்தா வலம்னா, மோட்டார் பக்கம் நின்னு பாத்தா அது இடம் சார்.”

“அப்படியே திருப்பி வைக்க முடியாதா?”

“வாய திருப்புனா இழுக்கற பக்கம் செவுத்த பாத்துக்கும். தொட்டி மேல மோட்டார் வந்து நிக்கும்.”

“மோட்டாரையாவது தலைகீழா சுத்தவிட்டா?”

“சுத்தும். காத்து மட்டும் இதே வாய்லதான் வரும், பாதி தம்முல. நூல் இல்ல சார் இது, பிரிச்சி முறுக்க.”

நமக்கென்று செய்தது. திருப்பி எடுக்கமாட்டார்கள். மச்சானுக்குப் போன் போட்டேன். காஞ்சிபுரத்தில் இருந்தார். “ஒரே பேஜாரா பூட்ச்சி மாப்ள உன்னோட! சரி, கெழக்கால ஒரு ஓட்ட போடு. ஒரு வாரத்துல குழாய மேல தூக்கி வுட ஆள் வரும். அதுவரைக்கும் சமாளி” என்றார்.

அந்த ஒரு வாரத்துக்குள்தான் ஏழுமலை அண்ணனின் மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். பந்தி மாடியில் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் தாங்காது என்று அன்று காலையில் பின்பக்கத் தோட்டத்துக்கு, எங்கள் சுவரை ஒட்டி மாற்றியது எனக்குத் தெரியாது. செல்வி அங்கே ஒத்தாசைக்குப் போயிருந்தாள். நான் பட்டறையில் நின்று, நல்ல நேரம் பார்த்து, முதன்முதலாக சுவிட்சைப் போட்டேன்.

என்ன வேகம்! நாலைந்து நிமிடத்தில் பட்டறை துடைத்துவிட்டது போல ஆனது. மல்லிகா பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, “ஏ, நீ மூக்குத்தி போட்டுகினு இருக்கியாடி? எப்பத்துலருந்து?” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். வாழ்க்கையில் எனக்காக யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை. இடுப்பில் கை வைத்து நின்றேன்.

செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“என்னாங்க! அங்க சோறு ஊசிப்போச்சுன்னு பந்தியே எழுந்துகிச்சு! புளிசோறு, தயிர்சோறு, எத மோந்தாலும் ஒரே புளிச்ச வாடை. மாப்ள ஊட்டுக்காரங்க வேன ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. ஏழுமலை அண்ணன் சமையல்காரர் சட்டைய புடிச்சிகினு இருக்காரு. கவிதா உள்ள அழுதுகினு இருக்கு…”

சொல்லிக்கொண்டே வந்தவள் மூக்கைச் சுருக்கி, மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். ப்ளோயர் வாயைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அணைத்தேன்.

“அணைச்சிட்டா ஆச்சா? போய் சொல்லுங்க!”

“நீ சொல்லேன்.”

“நான் சொன்னா பொண்ணு ஊட்டுப் பக்கம் சேந்துகினு பொய் சொல்றன்னுவாங்க. பட்டறை ஆளு நீங்கதான்.”

“போன்ல சொல்லிடட்டா?” என்றேன். (சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள்.) செல்வி என் முதுகில் கை வைத்துத் தள்ளிய தள்ளில் ஏழுமலை அண்ணனின் தோட்டத்தில் போய் நின்றேன்.

இலைகள் முன்னால் ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்தி நின்றிருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமன். போளூர்க்காரர். பெரிய மீசை. பேரில்தான் ஏழு மலை, ஆள் ஒல்லியான ஏழுமலை அண்ணன் அவர் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்.

“ஊசிப்போன சோத்த போட்டு சம்பந்தம் பேசறீங்களா? மொத நாளே இந்த மரியாதன்னா, பொண்ண கட்டிகினு போன பின்னால?” என்று போளூர்க்காரர் திரும்பி நடந்தார்.

இப்போது பேசாவிட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணம் இல்லை. ப்ளோயர், குழாய், மோட்டார், ஆசிட் என்று எத்தனையோ வார்த்தைகள் உலகத்தில் இருந்தன. ஒன்றுகூட வரவில்லை. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

“ஐயா! சோறு நல்ல சோறுங்க. அந்த வாடை… நான் வுட்டதுங்க!”

மூக்கைப் பொத்தியிருந்த துண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

போளூர்க்காரர் மெல்லத் திரும்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “நீயா?”

“ஆமாங்க.”

“இம்மாம் வாடையும்? ஒத்த ஆளா?”

“ஆமாங்க. ரொம்ப நேரம் வுடலீங்க. இன்னிக்குத்தான் மொத தடவ. இவ்ளோ ஃபோர்ஸா வரும்னு நெனைக்கல.” என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “அந்தாண்ட பக்கம் வுடவேண்டியது, திசை மாறி இந்தப் பக்கம் வந்துடுச்சுங்க. ஒரு வாரம் பொறுத்தீங்கன்னா மேல தூக்கி வுட்டுடுவோம்.”

முதல் சிரிப்பு வீட்டுக்குள்ளிருந்து, ஜன்னல் பக்கமாக வந்தது. அது கவிதா. அழுது கரகரத்த தொண்டையில் அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு மாப்பிள்ளைப் பையன் குனிந்து குலுங்கினான். பிறகு பந்தி மொத்தமும். சமையல்காரர் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், “மோட்டார் ரொம்ப ஸ்ட்ராங்குங்க” என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

செல்விதான் முன்னால் வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டே நடந்ததை விளக்கினாள். போளூர்க்காரர் நம்பாமல் பட்டறைக்கே வந்து, தொட்டியை மோந்து, சுவர் ஓட்டையைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போய் முதல் இலையில் அவர்தான் உட்கார்ந்தார். புளிசோறு இரண்டு தடவை வாங்கினார்.

கவிதாவுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பையன் இருக்கிறான். ப்ளோயரும் கூரைக்கு மேலே வாயைத் தூக்கி ஒழுங்காக ஊதுகிறது. போன ஆவணியில் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் பேச வராதே என்று, பெரியவராக இருந்து பேச மச்சான் அந்தப் போளூர்க்காரரையே அழைத்திருந்தார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, வந்தவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார்:

“இவர்தான் பொண்ணோட அப்பா. தங்கமான மனுஷன். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டாரு. ஆனா வுட்டாருன்னு வெச்சுக்குங்க, பந்தியே எழுந்து நிக்கும்!”