சரவெடிப் பெட்டியில் இட்லி

ஏட்டு மூன்றாவது முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

செல்வக்குமார் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் இறுகக் கட்டினான். விருதுநகர் ரயில் நிலையத்தின் நடைமேடையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சென்னை ரயில் வர இன்னும் நாற்பது நிமிடம். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சோறூட்டுகிறவளின் பொறுமையோடு, ரயிலில் பட்டாசு கொண்டு செல்வது தண்டனைக்குரிய குற்றம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அப்போதுதான் அவன் தன் சாமான்களை ஏட்டின் கண்ணால் பார்த்தான்.

ஆறு அட்டைப் பெட்டிகள். பெரியது இரண்டிலும் சரவெடிப் படம். அடுத்ததில் புஸ்வாணம். அடுத்ததில் ராக்கெட். தட்டையாக ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி. கடைசியாக இருந்த ஆட்டம்பாம் பெட்டியின் மேல் மூன்று வயது ஹரிஷ் ஏறி உட்கார்ந்து, குதிகாலால் டம் டம் என்று உதைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, உதைக்காதலே!"

"உதைக்கட்டும், விடுங்க. உள்ள என்ன வெடியா இருக்கு? அவன் டவுசர்தான இருக்கு" என்றாள் அவன் மனைவி யோகேஸ்வரி.

"மெதுவாப் பேசு யோகு. அந்த வார்த்தைய இங்கன சொல்லாத."

"எந்த வார்த்தைய? டவுசரயா?"

செல்வக்குமாருக்குச் சிவகாசியில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெட்டி அடித்துக் கொடுக்கும் இடம். அச்சுப் பிசகிய பெட்டிகளை முதலாளி வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு வேண்டாம், செல்வக்குமாருக்கு எல்லாமே வேண்டும். ஆமத்தூரில் அவன் வீட்டில் அரிசி, செருப்பு, பள்ளிக்கூடப் புத்தகம், பொம்மை எல்லாம் வெடிப்பெட்டியில்தான் குடியிருந்தன. ஹரிஷ் பிறந்து மூன்று மாதம் தூங்கியதுகூட ஒரு புஸ்வாணப் பெட்டியில்தான். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வருகிற வீட்டுக் குறிப்புகளை வெட்டி வெட்டி ஒட்டிவைப்பான். கம்பெனியில் அவனுக்குக் 'குறிப்பு' என்றே பேர்.

பயணத்துக்கு இரண்டு பெரிய பை வாங்க வேண்டும் என்று யோகேஸ்வரி சொன்னபோது, அவன் சிரித்தான். பை எதற்கு? பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு செட். சட்டைக்குள் டவுசர், டவுசருக்குள் ஜட்டி என்று சுருட்டி ரப்பர் போட்டால், காலையில் தேட வேண்டாம். இட்லிக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாழையிலையில் மடித்தால் மறுநாள் காலை வரை தாங்கும். பழைய மழைக்கோட்டை வெட்டினால் ஹரிஷுக்கு அடியில் விரிப்பு. தம்ளர்கள் இடித்துச் சத்தம் போடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒற்றைக்கால் சாக்ஸ். பிள்ளைகளின் கையில் பேனாவால் போன் நம்பர். எல்லாம் அருமையான குறிப்புகள். எல்லாம் வேலை செய்தன. பெட்டியின் வெளிப்புறத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதை மட்டும் எந்தக் குறிப்பும் பேசவில்லை.

அவன் பயந்ததற்குக் காரணம் பெட்டிகள் அல்ல. நாளைக் காலை பத்து மணிக்குச் சென்னையில் யோகேஸ்வரிக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. நான்கு வருடமாக இடுப்பில் ஒரு பிள்ளையும் மடியில் ஒரு புத்தகமுமாகப் படித்தாள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் இரண்டு பக்கம் என்று கணக்கு வைத்துப் படித்தாள். பத்து மணிக்கு அங்கே நிற்காவிட்டால் அந்த வேலை வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவன் காதில், தூணுக்கு அந்தப் பக்கம் ஏட்டு போனில் பேசுவது விழுந்தது.

"ஆமா, ஆறு பெட்டி. பெருசு ரெண்டு, சின்னது நாலு. எல்லாம் வெடிப்பெட்டிதான்... இல்ல, இன்னும் கேக்கல. பொண்டாட்டி புள்ளைகளோட இருக்காரு. அம்புட்டுப் பேரு பாக்க எப்படிப் போய்க் கேக்க? கொஞ்சம் பொறு."

செல்வக்குமார் பாட்டிலை மூட மறந்து திரும்பி வந்தான். சட்டை நனைந்திருந்தது.

"யோகு, எண்ணிட்டாரு."

"எதை?"

"பெட்டிய. மேலிடத்துக்குச் சொல்லிட்டாரு. ரயிலு வர்ற நேரத்துக்குப் பிடிப்பாக. தெறந்து காட்டு, எழுதிக் குடு, ஸ்டேஷனுக்கு வான்னு இழுப்பாக. ரயிலு போயிரும்."

"போய் நேரா சொல்லுங்களேன். உள்ள இட்லியும் துணியும் சார்னு."

"நாமளாப் போய்ச் சொன்னா சந்தேகம் கூடும்."

முதலில் பெட்டிகளைத் திருப்பி வைத்தான். படம் சுவர்ப் பக்கம் போனது. வெளியே தெரிந்த பக்கத்தில் தீச்சுவாலைப் படமும் அதன்கீழ் சிவப்பில் 'எளிதில் வெடிக்கக்கூடியது' என்ற வரியும் இருந்தன. வேறு பக்கம் திருப்பினான். அங்கேயும் இருந்தது. நான்கு பக்கமும் அடிப்பதுதான் விதி. அந்த விதியைச் சரியாகப் பின்பற்றுகிறார்களா என்று கம்பெனியில் சரிபார்ப்பதே அவன்தான்.

அடுத்து, ரயிலில் விரிக்க வைத்திருந்த போர்வையை எடுத்து ஆறையும் சேர்த்து மூடினான்.

அதுவரை யாரும் கவனிக்காத பெட்டிகளை, மூடியதும் எல்லோரும் கவனித்தார்கள். பக்கத்து பெஞ்சில் பட்டுச்சேலையும் கூலிங் கிளாஸுமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மெல்ல நகர்ந்து வந்தாள்.

"தம்பி, சிவகாசிச் சரக்கா? நான் சொர்ணலட்சுமி, தாம்பரத்துல மக வீட்டுக்குப் போறேன். பேரன் ராக்கெட் ராக்கெட்னு உயிர எடுக்கான். ஒரு பெட்டி குடுங்களேன்."

"அக்கா, உள்ள இட்லி இருக்கு."

அம்மாள் கூலிங் கிளாஸுக்கு மேலாக அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "போன வருசம் ஒருத்தர் சீடைன்னு சொன்னாரு. விடிய விடிய வெடிச்சோம்."

"சத்தியமா இட்லிக்கா!"

"சரி, இட்லியே குடுங்க. யார்ட்டயும் சொல்லமாட்டேன். ரயில்ல ஏறினப்புறம் வந்து வாங்கிக்கிறேன்."

ஏட்டு இப்போது டீக்கடை ஓரத்துக்கு வந்துவிட்டார். கையில் டீ. கண் போர்வையில். நடுநடுவே இரண்டு கையையும் அகலமாக விரித்து, எதையோ அளப்பது போல் பார்த்துக்கொண்டார். கைவிலங்கு போடுமுன் மணிக்கட்டை இப்படித்தான் மனசுக்குள் அளப்பார்களோ என்று செல்வக்குமாருக்குத் தோன்றியது. சிறையில் வெள்ளைச் சட்டையில் தான் அட்டைப்பெட்டி அடித்துக்கொண்டிருப்பதும், யோகேஸ்வரி மனுப்போட்டுப் பார்க்க வருவதும், ஹரிஷ் வளர்ந்து மீசையோடு வந்து நிற்பதும் வரிசையாக வந்து போயின.

"கேளு யோகு. பெட்டிய உள்வெளியாத் திருப்பிட்டா வெறும் பழுப்பு அட்டை. ஒட்டுன ஓரத்தப் பிரிச்சு, மறுபக்கமா மடிச்சா முடிஞ்சது. நமக்குத் தெரியாத வேலையா?"

"இப்ப எதுக்குங்க? ரயிலு வர பத்து நிமிசம்கூட இல்ல."

ராக்கெட் பெட்டியைத் தொடங்கினான். உள்ளே இருந்த சாக்ஸ் போட்ட தம்ளர்களை எடுத்து வெளியே வைத்தான். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பிரித்தான். பழகிய கை, அரை நிமிடத்தில் பெட்டி பூப்போல விரிந்தது. மறுபக்கமாக மடித்து நிமிர்த்தினான். உள்ளே இருந்து வெளியே வந்த பக்கத்தில், இன்னும் பெரிய எழுத்தில், இன்னும் சிவப்பாக, தலைகீழாக 'அணுகுண்டு' என்று இருந்தது.

அந்த லோடு ஏன் கழிவாக ஒதுக்கப்பட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. அட்டையைத் திருப்பி வைத்து இரண்டு பக்கமும் அச்சடித்துவிட்டார்கள்.

"அப்பா, இது இன்னும் நல்லாருக்கு!" என்று கை தட்டினாள் ஆறு வயது ஸ்ரீமதி. பிறகு டீக்கடையைப் பார்த்து, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி, "போலீஸ் மாமா! எங்கப்பா வெடிப்பெட்டிய ஒளிக்கிறாங்க, வந்து பாருங்க!" என்றாள்.

ஏட்டு டீயைக் கீழே வைத்தார்.

செல்வக்குமாருக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. போர்வையை உருவித் தரையில் விரித்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். சுருட்டிய ஜட்டிகள் உருண்டன. இட்லிப் பொட்டலங்கள் விழுந்தன. ஏட்டு நடந்து வந்தார். செல்வக்குமார் ராக்கெட்டையும் புஸ்வாணத்தையும் கிழித்தான். ஏட்டு வேகமாக நடந்தார். சரவெடி இரண்டையும் காலால் மிதித்து நசுக்கிக் கிழித்தான்.

"சார்! கிழிக்காதீக! சார்!" ஏட்டு ஓடத் தொடங்கினார்.

"தடயத்த அழிக்காதன்னு கத்துறாரு யோகு!" என்று சொல்லிக்கொண்டே ஆட்டம்பாமைப் பற்களால் கடித்து இழுத்தான். அது நல்ல கனமான அட்டை, கிழியமாட்டேன் என்றது. மார்போடு அணைத்து நடுவில் மடக்கி ஒடித்தான். கடைசியாக இருந்த தட்டைப் பெட்டியைக் கவிழ்க்கவோ கிழிக்கவோ நேரமில்லை. குப்பை அள்ளும் தள்ளுவண்டி ஒன்று பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அதில் வீசினான்.

அதே நேரத்தில் ரயில் நுழைந்தது. கூட்டம் எழுந்து இடையில் மறித்ததில் ஏட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. செல்வக்குமார் போர்வையின் நான்கு முனையையும் சேர்த்து மூட்டையாக முடிந்தான்.

"ஏறு, ஏறு! மூட்டையப் பிடி!"

யோகேஸ்வரி ஏறவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"மத்தாப்புப் பெட்டி எங்கங்க?"

"போட்டாச்சு."

"எங்க போட்டீக? சர்டிபிகேட்டு மடங்கக் கூடாதுன்னு நீங்கதான அதுல வச்சீக! சரியான அளவு, இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லி வச்சீகளே!"

தள்ளுவண்டி நடைமேடையின் கடைசிக்குப் போயிருந்தது. செல்வக்குமார் ஓடினான். ஒரு செருப்பு கழன்றது, விட்டுவிட்டு ஓடினான். கூட்டத்திலிருந்து வெளிப்பட்ட ஏட்டு அவனுக்குப் பின்னால் ஓடினார். பிறகு பக்கத்தில் ஓடினார். பிறகு அவனை முந்திக்கொண்டு போனார். ஓடும் ரயிலைப் பிடித்துப் பழகிய கால்கள். வண்டியை அவர்தான் முதலில் பிடித்தார். தட்டைப் பெட்டியை எடுத்துத் தூசியைத் தட்டி, மூடியைத் திறந்து பார்த்தார். சட்டைப்பையின் மேல் காளீஸ்வரன் என்று பேர் இருந்தது.

செல்வக்குமார் மூச்சு வாங்க அவர் முன்னால் கை கூப்பினான்.

"சார், அது எம் பொண்டாட்டி படிச்ச படிப்பு சார். நாளைக்குப் பத்து மணிக்கு அவ அங்கன நிக்கணும். அத மட்டும் அவ கையில குடுத்திருங்க. அவளையும் புள்ளைகளையும் விட்ருங்க. நான் இங்கனயே இருக்கேன். எத்தன நாள் வேணும்னாலும் பிடிச்சு வச்சுக்கோங்க."

ஏட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தார். ரயில் ஊதியது.

"யோவ், ஓடுங்க, வண்டிய எடுத்துருவான்!"

பெட்டியை அவன் கையில் திணித்து, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே அவரும் ஓடி வந்தார். யோகேஸ்வரியை ஏறச் சொல்லி, ஸ்ரீமதியைத் தூக்கி உள்ளே விட்டு, ஹரிஷைக் கொடுத்து, மூட்டையை உருட்டிவிட்டார். மூட்டையிலிருந்து தப்பிய ஓர் இட்லிப் பொட்டலத்தைப் பொறுக்கி வாசலுக்கு நீட்டினார். சொர்ணலட்சுமி அம்மாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து, "அட, நெசமாவே இட்லிதானா!" என்று ஏமாந்துபோனாள்.

ரயில் மெல்ல நகர்ந்தது. யோகேஸ்வரி சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எண்ணி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வாசல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைச் செருப்போடு நின்ற செல்வக்குமாருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"எங்கள விட்டுட்டீகளா சார்?"

"நான் எங்க சார் பிடிச்சேன்? பெட்டியில இட்லிதான்னு நீங்க வந்தப்பவே தெரியும். உங்க பையன் ஒண்ணு எடுத்துத் தின்னுக்கிட்டுல்ல இருந்தான்?"

"பெறகு எதுக்கு சார் எங்களையே பாத்துக்கிட்டு நின்னீக?"

ஏட்டு ரயிலோடு கூடவே நடந்தபடி, நடைமேடையில் சிதறிக் கிடந்த அட்டைத் துண்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மானாமதுரைக்கு மாத்தல் சார், நாளைக்கு வீட்டக் காலி பண்ணணும், ரெண்டு சின்னப் புள்ளைகள வச்சுக்கிட்டுச் சாமான் கட்ட இந்த மாதிரிப் பெட்டி எங்கன கெடைக்கும்னு கேக்கத்தான் இம்புட்டு நேரமாக் கூச்சப்பட்டுக்கிட்டு நின்னேன், நீங்களாவே எல்லாத்தையும் காலி பண்ணவும் கேக்காமலே கெடைக்கப்போகுதுன்னு ஓடிவந்தா, ஒண்ணு மிச்சமில்லாமக் கிழிச்சுப்புட்டீகளே!"