என் மகளை அரைப்பழம் என்ற கிரேடர்

மலேசியாவில், எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும், எந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது என்பது பல்கலைக்கழகத்துக்கே தெரிவதற்கு முன்னால் ஒரே ஒருவருக்குத் தெரிந்துவிடும். அவர் எங்கள் தோட்டத்துக் கிரேடர். அவர் மேல் எனக்குப் பயங்கரப் பொறாமை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்.

கிரேடர் என்பது அவர் வேலை. செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி லாரியாக வந்து கொட்டும் குலைகளை இரும்புக் கொக்கியால் புரட்டிப் பார்த்து, பழம், அரைப்பழம், காய் என்று தரம் பிரிப்பவர். காலையிலிருந்து அதையே செய்தால் மனிதன் என்ன ஆவான்? கண்ணில் படுவதையெல்லாம் தரம் பிரிப்பான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "அரைப்பழம்லா, இன்னும் ரெண்டு வருஷம் மரத்துலயே விட்டிருக்கலாம்" என்பார். ரெம்பாவ் டவுன் சாப்பாட்டுக் கடையில் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "காய்" என்பார். அவருடைய அடையாள அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போய்விடுவார்கள். கிரேடர் மார்க் தாளைத் தொடமாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன உதிர்ந்திருக்கு?"

செம்பனைக் குலை பழுத்துவிட்டால் பழங்கள் தானாகக் கழன்று விழும். விழுந்த இடம் குழி குழியாகத் தெரியும். ஒன்றுகூட உதிராத குலை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் அவருக்குக் காய்தான். பிள்ளைகளுக்கும் அதே சட்டம். போன் விளையாட்டோ, பகல் தூக்கமோ, வெட்டிக் கூட்டாளியோ, படிக்கிற பிள்ளையிடமிருந்து ஏதாவது தானாகக் கழன்றிருக்க வேண்டும்.

"என் மகன் போனைத் தொட்டு ஆறு மாசம் ஆச்சுண்ணே" என்றார் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா ஒரு தடவை.

"எங்க இருக்கு போனு?"

"அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்ல!"

"அது நீங்க புடுங்குனது. உதிர்ந்தது இல்ல. காய்."

அக்கா விடவில்லை. மகனின் சான்றிதழ் பைலை அவர் கையில் திணித்தார். பல்கலைக்கழகம் புறப்பாட நடவடிக்கைக்கும் மார்க் கொடுக்கும் என்பதால் சதுரங்கம், சிலாட் சண்டைப் பயிற்சி, முதலுதவி, மரம் நடும் விழா என்று ஒன்று விடாமல் மகனைச் சேர்த்துவிட்டிருந்தார். கிரேடர் பைலை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"குலை பெருசுதான். எண்ணெய் இல்லலா."

பையன் கேட்ட இடம் அந்த வருஷம் கிடைக்கவில்லை. அக்கா மூன்று மாதம் கிரேடரோடு பேசவில்லை. நான்காவது மாதம் இளையவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இதுவரைக்கும் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காய் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் மகள் சர்மிளா ஆறாம் படிவம் போனபோதுதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

நான் பள்ளி பஸ் ஓட்டுகிறவன். இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் கதையும் முதலில் என் பஸ்ஸில்தான் ஏறும். என் வீட்டுக் கதை மட்டும் ஆலை வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சர்மிளாவின் சோதனைத் தேர்வு மார்க் கிரேடருக்குத் தெரியும். டாக்டர் படிப்பு வேண்டாம், பார்மசிதான் என்று அவள் முடிவு செய்ததும் கிரேடருக்குத் தெரியும். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

மனைவியிடம் பொங்கினேன். "பெத்தவன் நான் இங்க இருக்கேன். அங்க போய் ஏன் சொல்றா?"

"ஒங்ககிட்ட சொன்னா, பஸ்ஸு திரும்பி வர்றதுக்குள்ள கெமாஸ் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கறவனுக்குக்கூட தெரிஞ்சிடும்லா. அதான்."

பல்கலைக்கழகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. விடுவேனா? நாற்காலி போட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையை மாட்டிக்கொண்டு, நானே பேராசிரியர் ஆனேன். ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்துக்கும் நானே பதில் சொன்னேன். நல்ல பதில்கள். "நீ அருமையான பழம்மா" என்று தீர்ப்பும் சொன்னேன்.

"அப்பா, ஒங்களுக்கு நான் எப்பவுமே பழம்தான். நான் கிரேடர் மாமாகிட்டயே போயிட்டு வரேன்."

பின்னாலேயே போனேன். கிரேடர் அவளைக் குலை கொட்டும் மேடையில் நிறுத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்றுகொண்டு, ஆலை இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "ஏன் பார்மசி?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தேன்.

"அரைப்பழம்!" என்றார் கிரேடர்.

"யாருலா அரைப்பழம்? அவ மார்க் என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒனக்கு முன்னாடியே தெரியும்."

இதைவிட அவர் கொக்கியால் என்னைக் குத்தியிருக்கலாம்.

"மார்க்குல கொறை இல்ல டிரைவரே. ஒண்ணு மட்டும் உதிர மாட்டேங்குது."

"என்னா அது?"

"நீதான்லா. கிளினிக்ல டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேட்டா நீ சொல்ற. பள்ளிக்கூட ஆபீஸ்ல பேரு கேட்டா நீ சொல்ற. அங்க மூணு பேரு உக்காந்து அவளக் கேக்கறப்போ யாரு சொல்லுவா?"

'அப்படியெல்லாம் இல்லை' என்று சர்மிளா சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் அவள் அந்த மேடையில் நின்று பார்மசியைப் பற்றிக் கத்தினாள். வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் தலைவலிக்கு எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடக்கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். நான் மேடைப் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பேசாமல் இருக்கப் பழகினேன். இரண்டில் எது கஷ்டம் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

நேர்முகத் தேர்வன்று கோலாலம்பூரில் கதவு வரைக்கும் போனேன். வாசலில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். என் உதடு பிரிந்தது. சர்மிளா முந்திக்கொண்டாள்.

முடிவு வெளியாகும் நாள் வந்தது. சர்மிளா அப்போது அம்பாங்கானில் ஒரு மருந்துக் கடையில் தற்காலிக வேலையில் இருந்தாள். பன்னிரண்டு மணிக்குப் போனில் பார்த்துவிட்டு யாருக்கு முதலில் போன் அடிப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் பதினொன்றரைக்கே ஆலைக்குப் போய்க் கிரேடர் பக்கத்தில் நின்றுகொண்டேன். முதலாவதாகக் கேட்க முடியாவிட்டால் இரண்டாவதாகவாவது கேட்கலாமே.

பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம். அவர் போன் அலறியது. எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஸ்கேமர்லா. பார்சல் வந்திருக்குன்னு ஏமாத்துவான்."

மறுபடியும் அலறியது. "இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல" என்றார். மூன்றாவது தடவை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது அடங்கும்வரை நின்றார்.

பிறகு என் போன் அடித்தது.

"அப்பா! கெடைச்சிருச்சுப்பா!"

அவள் அழுதாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "கிரேடர் மாமாவுக்கு மூணு தடவ அடிச்சேன்பா, எடுக்கவே மாட்டேங்கறாரு. நீங்களே சொல்லிடுங்க."

திரும்பினேன். சின்னக் குழந்தைகூடப் பழம் என்று சொல்லிவிடக்கூடிய ஒரு குலையை அவர் அப்படியும் இப்படியும் புரட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"யாருலா போன்ல?" என்றார் நிமிராமல்.

"சர்மிளா. எடம் கெடைச்சிருச்சு."

"அப்படியா!" கொக்கியைக் கீழே போட்டார். கண்ணை அகல விரித்தார். நெஞ்சில் கை வைத்து ஓரடி பின்னால் போனார்.

அவ்வளவு மோசமாக நடிக்கிற மனிதரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இன்னொரு தடவை நடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.