ஒரே முதலாளி இரண்டு பேரான நாள்

களத்தில் இருந்தவர்கள்: மில் முதலாளி. அவர் சம்சாரம். நெல் அளக்கும் சவரிமுத்து. தச்சு வேலைக்காரனான நான். கவிழ்த்த கூடைக்குள் பதினோரு கோழிகள். அப்புறம் ரெண்டுதரம்.

ரெண்டுதரம் என்பது ஆளின் பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அதை யாரும் கேட்டதில்லை. திருச்சி ஜில்லாவில் அவ்வளவு பயந்த மனிதர் அதற்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு போட்டோக் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு திருவானைக்காவல் வரை நடப்பார். அங்கிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார். பஸ்ஸில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்கு டிக்கெட் கொடுத்தீங்களா?" என்பார். கண்டக்டர்கள் அவரைப் பார்த்தால் விசில் ஊதிவிடுவார்கள். கல்யாணத்தில் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தாராம். "கழுத்து, கழுத்து" என்று பெண் கத்தியதாம். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பயம் சும்மா வரவில்லை. அதற்கு முன்னால் மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோவில் தந்திரக் காட்சிப் பிரிவில் இருந்தார். ஒரே நடிகரை இரண்டு பேராகக் காட்டுகிற வேலை. ஒருநாள் அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவுகிற காட்சி. பிலிமைக் கழுவிப் பார்த்தால் அண்ணன் கை தம்பியின் வயிற்றுக்குள் போயிருந்தது. மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். அதுமுதல் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸுக்குக் கடிதம் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

எட்டு வருஷம் கழித்துப் பிரிவின் பெரியவரிடமிருந்து பதில் வந்தது. "தனியாக ஒரு இரட்டை வேடக் காட்சி எடு. நானே வந்து பார்க்கிறேன். சுத்தமாக இருந்தால் வேலைக்கு வா." அந்தக் கார்டை என்னிடம் காட்டினார். வாங்கிப் படித்தேன். திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்தார். மறுபடி படித்தேன்.

அந்த நேரம் பார்த்து மண்ணச்சநல்லூர் மில் முதலாளிக்கு சினிமாக் கொட்டகையில் விளம்பரம் போட ஆசை வந்தது. ஒருவர் அரிசி விற்கிறார். ஒருவர் வாங்க வருகிறார். இரண்டு பேரும் கும்பிட்டுச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. விற்பவர் முதலாளி. வாங்குபவர் யார்?

"அதுவும் நானேதான். என் அரிசிக்கு முன்னால வேற எவன் மூஞ்சியும் தெரியக் கூடாது."

ரெண்டுதரத்துக்கு வியர்த்துவிட்டது. கிடைத்தது ஒரே ஒரு சுருள் பிலிம். இன்னொன்று வாங்க மெட்ராஸுக்கு எழுதி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பெரியவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

தந்திரம் இதுதான். கேமராவுக்கு முன்னால் ஒரு மரக்கூடு. அதை நான் செய்தேன். அதில் கறுப்பு அட்டையைச் செருகினால் படத்தில் பாதி மறையும். முதலில் வலப்பாதியை மறைத்து, இடப்பக்கம் முதலாளியை விற்பவராக எடுக்க வேண்டும். பிறகு கண்ணாடியை மூடி, பிலிமைப் பின்னால் சுற்றி, எடுத்த இடத்துக்கே கொண்டுவர வேண்டும். அட்டையை மாற்றி, வலப்பக்கம் அவரையே வாங்குபவராக எடுக்க வேண்டும். ஒரே பிலிமில் இரண்டு முதலாளி. இரண்டு பாதியும் சேருகிற கோடு களத்து நடுவில் இருந்த கம்பத்தோடு கம்பமாய் மறைந்துவிடும்.

கேமரா கையால் சுற்றுகிற பழையது. ஒரு சுற்றுக்கு எட்டுப் படம். சுற்று பிசகினால் இரண்டு பாதியும் வெவ்வேறு நேரத்தில் நடக்கும். உள்ளே பார்க்கவும் முடியாது. திறந்தால் வெளிச்சம் பட்டுப் போய்விடும்.

எண்ணுவதற்கு சவரிமுத்துவைப் பிடித்தார். முப்பது வருஷமாக அந்தக் களத்தில் மரக்காலால் அளப்பவர். எண்ணிக்கை பிசகியதே இல்லை. அவர் ராகமாக எண்ண எண்ண, ரெண்டுதரம் சுற்ற வேண்டும். முதலாளி இருபதில் நடந்து, நூற்று இருபதில் கும்பிட்டு, இருநூறில் சிரித்து நிற்க வேண்டும். வாயால் எண்ணுகிற வேகத்துக்குக் கேமராவை மெதுவாகத்தான் சுற்ற முடியும். ஆகவே முதலாளியும் மெதுவாக நடக்க வேண்டும்.

"எவ்வளவு மெதுவாய்யா?"

"சாமி பொறப்பாடு மாதிரிங்க."

சவரிமுத்து தொடங்கினார். "லாபம்..."

ரெண்டுதரம் சுற்றவில்லை. "ஒண்ணு எங்கே?"

"இதாங்க ஒண்ணு. களத்துல ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம், ரெண்டு, மூணு."

"சரி. லாபம்தானே? கடைசி வரைக்கும் மாத்த மாட்டீங்களே?"

"மாட்டேங்க."

"மாட்டீங்களே?"

முதல் பாதி நல்லபடி முடிந்தது. கேமராக் காலை நான் கட்டிப் பிடித்திருந்தேன். ஆடாமல் இருக்க மூன்று அரிசி மூட்டை வேறு. கோழி கம்பத்தைத் தாண்டினால் பாதிக் கோழியாகிவிடும் என்று எல்லாவற்றையும் அவரே பிடித்துக் கவிழ்த்திருந்தார். கூடையைத் தூக்கி எண்ணிப் பார்த்ததில் இரண்டு தப்பி, மறுபடி பிடித்தோம்.

முதலாளி வேஷம் மாற்றப் போனார். முதலாளி அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏங்க, ஒரே ஆளை ரெண்டா காட்டினா ஆயுசு பாதியாயிடாதா?"

ரெண்டுதரம் வெளுத்துப்போனார். "அதை நான் யோசிக்கலியேம்மா."

அதற்குள் மேகம் ஒன்று வந்து போனது. கம்பத்தின் நிழல் அவர் கிழித்த சுண்ணாம்புக் கோட்டைவிட்டு அரை விரல் நகர்ந்திருந்தது. கை நடுங்கத் தொடங்கியது. கேமராவின் பிடியைத் தொட்டார். விட்டார்.

"சவரிமுத்து, நீங்களே பின்னாடி சுத்திடுங்க. இருநூறு. ஒண்ணு கூடக் கூடாது, ஒண்ணு கொறையக் கூடாது."

"நீங்க போய் முதலாளிக்கு மீசையை ஒட்டுங்க. நான் பார்த்துக்கறேன்."

சவரிமுத்து சுற்றினார். எண்ணினார். நான் காலடியில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு வந்ததும் வாயை மூடினார். நெஞ்சில் சிலுவை போட்டார். சத்தமில்லாமல் ஒரு சுற்று சுற்றினார். பிறகு நூற்று ஒன்று என்று தொடர்ந்தார். இருநூறு முடிந்ததும் அதே மாதிரி. தொழில் அப்படிப் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் அதிகம் கேட்கிறவன் இல்லை.

இரண்டாவது பாதியும் முடிந்தது. முதலாளி தலைப்பாகையும் ஒட்டு மீசையுமாகக் கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார். அன்று ராத்திரி ரெண்டுதரம் தூங்கவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னார். அதற்கு முந்தின ராத்திரியும் தூங்கவில்லையாம்.

மெட்ராஸில் கழுவிப் படம் வந்தது. என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடியே பேசினார்.

"ஆசாரி, பின்னாடி சுத்தினதுல ரெண்டு சுத்து கூடிருக்கு. வாங்கறவர் முன்னாடியே கும்பிட்டுடறார். எண்ணிக்கை சரியாத்தானே இருந்தது?"

நான் பார்த்ததைச் சொன்னேன். உடனே சைக்கிளில் மண்ணச்சநல்லூர் போனோம். ரெண்டுதரம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார். சவரிமுத்து மறைக்கவில்லை.

"நூறு அளந்தா மாதா கோயிலுக்கு ஒண்ணுங்க. அது எண்ணிக்கையில வராது. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். ஏன், எதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் ரெண்டுதரம். வருகிற வழியில் கொள்ளிடப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு ஆசாரி. கிழிஞ்சுடும்."

திருச்சியில் ஒரு கொட்டகையில் காலையில் போட்டுக் காட்டினார்கள். மெட்ராஸ் பெரியவர் முன்வரிசையில். பின்னால் நாங்கள். திரையில் இரண்டு முதலாளி வந்தார்கள். கோடு தெரியவில்லை. நிழல் தெரியவில்லை. தலைப்பாகை முதலாளி கும்பிட்டார். ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்து மற்ற முதலாளி கும்பிட்டார்.

முதலாளி எழுந்து நின்று கை தட்டினார். "பார்த்தீங்களாய்யா! வாங்கறவன் மொதல்ல கும்பிடறான். சரக்கு அப்படி!"

பெரியவர் திரும்பினார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"பின்னாடி சுத்தினது யாரு?"

சவரிமுத்து புது வேட்டி கட்டி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படம் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றார் ரெண்டுதரம். "கை நடுங்கிடுச்சு."

"இன்னும் நடுங்குதா?"

"ஆமாங்க."

பெரியவர் தலையை ஆட்டினார். மத்தியானம் ரயிலேறிப் போனார்.

வெளியே டீக்கடையில் கேட்டேன். வாழ்நாளில் நான் கேட்ட சில கேள்விகளில் ஒன்று. "ஏன் சார் சொல்லலை?"

"அவர் சாமிக்குன்னு சுத்தினது. அதைப் போய்த் தப்புன்னு சொல்லச் சொல்றியா? சொன்னா அந்த மனுஷன் நாளையிலேருந்து ஒவ்வொரு மரக்காலையும் பயந்து பயந்து அளப்பாரு. அந்தப் பயம் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும் ஆசாரி."

டீயைக் குடித்தார்.

அவர் மெட்ராஸ் போகவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷம் எங்களோடேதான் இருந்தார். என் மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணப் படம் அவர் எடுத்ததுதான். அவர் போகாததில் எனக்கு வருத்தம் என்று எழுதினால் அது பொய்.

வாங்குபவர் கும்பிட்டு, விற்பவர் கும்பிடாமல் நிற்கிற பிலிம் துண்டை வெட்டி என்னிடம் கொடுத்திருந்தார். இப்போதும் அதை ஜன்னலில் பிடித்துப் பார்க்கிறேன். சுற்றுக்கு எட்டென்று கட்டம் கட்டமாக எண்ணுகிறேன்.

பதினாறு.