பொன்னுரங்கத்தின் திருப்பதி மொட்டை

ஐம்பத்து நாலு வயதில் மனிதனுக்கு ஞானம் வரும் என்பார்கள். பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கத்துக்கு அதற்குப் பதிலாக ரோஷம் வந்தது. மகள் அனுப்பிரியாவின் நிச்சயதார்த்த ஆல்பத்தைப் புரட்டிய அன்று வந்தது. படத்தில் சம்பந்தி தலைகொள்ளாத முடியோடு சிரிக்கிறார். பக்கத்தில் நிற்கும் இவர் மண்டையிலோ மண்டபத்து விளக்கு அத்தனையும் எரிகிறது. கல்யாணத்துக்கு இன்னும் நாற்பத்தைந்து நாள் இருந்தது. மேடையில் முடியோடுதான் நிற்பேன் என்று பொன்னுரங்கம் சபதம் செய்தார். அதுவும் மனைவி சுபத்ராவுக்குத் தெரியாமல்.

தெரிந்தால் ஆயிரம் கேள்வி கேட்பாள். பிஸ்கட் பாக்கெட்டைக்கூட முதுகுப்பக்கம் முழுக்கப் படித்துவிட்டுத்தான் பிரிக்கிற பெண்மணி அவள். இவருக்கும் எழுத்துக்கும் ஆகாது. கையெழுத்து எங்கே என்று கேட்பார், போடுவார், எழுந்து வந்துவிடுவார்.

கிழக்குத் தாம்பரத்தில் முடி நடுகிற பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக் ஒன்றைக் கண்டுபிடித்துப் போனார். டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். பொன்னுரங்கம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். கண் மட்டும் சுவரில் இருந்த இரண்டு படங்களை விட்டு நகரவில்லை. ஒன்று 'முன்பு'. இன்னொன்று 'பின்பு'.

"சார், நான் சொன்னத நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க, பாப்போம்," என்றார் டாக்டர்.

"முடி வரும்."

"சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி முடி இல்ல டாக்டர். அதனாலதான வந்துகீறேன்."

"அதில்ல சார். நட்டு ஒரு மாசத்துக்குள்ள என்ன ஆகும்னு சொன்னேன்?"

"டாக்டர், நாங்க பரம்பரையா விவசாயக் குடும்பம். நாத்து நடறத எனக்கே சொல்லித் தரீங்களே!"

அவர் அப்பா வயலை மனை போட்டு விற்றபோது பொன்னுரங்கம் தொட்டிலில் கிடந்தார். சேற்றில் கால் வைத்ததெல்லாம் மழைக்காலத்தில் அனகாபுத்தூர் ரோட்டில் மட்டும்தான். இது டாக்டருக்குத் தெரியாது. பெருமூச்சு விட்டுவிட்டுத் தமிழில் பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்றையும் ஒரு ஃபாரத்தையும் நீட்டினார்.

"வீட்ல ஒருத்தர் நம்பர் எழுதுங்க சார். அவங்களுக்கும் விளக்கிச் சொல்லிடறோம்."

அந்த நேரம் பொன்னுரங்கம் 'பின்பு' படத்துக்குள் போய்விட்டிருந்தார். கை தானாக எழுதியது. கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம், எந்த ஃபாரமானாலும் அவர் கைக்குப் பழகிய நம்பர் ஒன்றுதான். புத்தகமோ வழியில் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் ஒற்றப் பயன்பட்டது.

நர்ஸ் ஜோவிதா சொன்ன ஒன்று மட்டும் அவர் காதில் விழுந்தது. தலையை மொத்தமாக மழித்துவிட்டுத்தான் நடுவார்களாம். மழித்த தலையோடு சுபத்ரா முன்னால் எப்படிப் போய் நிற்பது? இரண்டு நாள் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சுபத்ரா, அனு கல்யாணம் நல்லா நடக்கணும்னு திருப்பதில மொட்டை போடறதா வேண்டிக்கினேன். ரெண்டு நாள்ல போய்ட்டு வந்துடறேன்."

"தனியாவா?"

"கூட நம்ம ஐசக் வரான்."

"ஐசக் அண்ணனா? திருப்பதிக்கா?"

"அவன் மலை ஏற மாட்டான். கீழயே நிப்பான்."

சுபத்ரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போய்ட்டு வாங்க. பெருமாள் எல்லாத்தையும் பாத்துகினுதான் இருக்கார்."

ஒரு பகல் முழுக்கக் குப்புறப் படுத்தும் மல்லாந்து படுத்தும் நடவு முடிந்தது. ராத்திரி சேலையூரில் நண்பன் ஐசக் வீட்டில் தங்கினார். மறுநாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்வீட் கடை லட்டோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

சுபத்ரா லட்டைப் பிட்டு வாயில் போட்டாள். "பெருமாள் இந்தத் தடவை முந்திரிய மறந்துட்டாரா?"

"கும்பல் ஜாஸ்தி. அவருக்கும் பேஜாரு."

"தலையில முன்னாடி என்னங்க செவப்பு செவப்பா புள்ளி?"

"பிளேடு மொண்ணை."

"சந்தனம் அரைச்சு வெச்சிருக்கேன். குனிங்க."

பொன்னுரங்கம் சாப்பாட்டு மேஜையை ஒரு சுற்று ஓடினார். நட்ட இடத்தில் கை படக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு நினைவிருந்தது.

"வாணாம்! இந்த மொட்டைக்குச் சந்தனம் ஆவாது!"

"சரி, விடுங்க. மத்த விரதத்தையாவது ஒழுங்கா இருங்க. எங்க அம்மா வீட்டு வழக்கம் கடுமையானது." அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "ரெண்டு தலைகாணி வெச்சு மல்லாந்துதான் தூங்கணும். வெயில்ல போகக்கூடாது. மூட்டை தூக்கக்கூடாது. கை படாம தீர்த்தம் தெளிச்சுக்கணும். சிகரெட்டத் தொடவே கூடாது."

"சிகரெட்டுக்கும் மொட்டைக்கும் இன்னா சம்பந்தம்?"

"பெருமாளுக்குப் பொகை ஆகாது."

முப்பது வருஷமாகச் சண்டை போட்டும் அழுதும் அவளால் பிடுங்க முடியாத சிகரெட் அன்றைக்கே நின்றது. பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. கிளினிக்கில்கூட ஏதோ தலைகாணி, ஏதோ புகை என்று சொன்ன மாதிரி மங்கலாக ஞாபகம். டாக்டரும் பெருமாளும் ஒரே இடத்தில் படித்தவர்களோ என்று குழம்பிப்போனார். யாரிடம் கேட்பது? டாக்டரைக் கேட்டால் பெருமாள் கதை வரும். சுபத்ராவைக் கேட்டால் டாக்டர் கதை வரும்.

இரண்டு வாரத்தில் நெற்றிக்கு மேலே அரிசி நீளத்துக்கு முடி தெரிந்தது. பொன்னுரங்கம் கடைக் கண்ணாடி முன்னாலேயே குடியிருந்தார். இருபதாம் நாள் துண்டில் நாலு முடி ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் நாற்பது. இருபத்தைந்தாம் நாள் முன்மண்டை துடைத்து விட்ட பளிங்காகிவிட்டது. கல்யாணத்துக்கோ பதினைந்தே நாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தார்.

"ஏமாத்திட்டீங்களே! நட்டது அத்தனையும் கொட்டிடுச்சு!"

ஜோவிதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புக்ல நாலாம் பக்கம் சார்."

"நாலாம் பக்கத்துல பஜ்ஜி சாப்ட்டேன்மா! இன்னா போட்டிருக்கு, நீயே சொல்லு!"

"நட்ட முடி மூணு வாரத்துல கொட்டும். வேர் உள்ளயே இருக்கும். நாலு மாசத்துல முளைக்கும், முழுசா வர ஒரு வருஷம் ஆகும். உங்க மிஸஸ் அன்னைக்கே இத கரெக்டாத் திருப்பிச் சொன்னாங்களே?"

"யாரு?"

"சுபத்ரா அக்கா. நீங்க எழுதிக் குடுத்த நம்பர்தானே? ஆபரேஷனுக்கு முந்தின நாளே வந்து பன்னெண்டு பக்கமும் படிச்சாங்க. டாக்டரையே உக்கார வெச்சு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாங்க. தெளிவா இருந்தாங்க சார்."

பொன்னுரங்கம் வீடு திரும்பியபோது சுபத்ரா கல்யாணப் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"தெரிஞ்சுகினே ஏன் நிறுத்தல?"

"நிறுத்தியிருந்தா சிகரெட் நின்னிருக்குமா?"

"மேடையில எப்படி நிப்பேன்?"

"தலைப்பாகை சொல்லிட்டேன். உங்களுக்கும் சம்பந்திக்கும் ஒரே கலர். யாருக்கு முடி இருக்கு, யாருக்கு இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப முடி நெஜமாவே வந்துடுமா?"

"வரும். நட்ட நாத்து முதல்ல பழுத்துட்டுத்தான் பச்சை பிடிக்கும். விவசாயக் குடும்பத்துக்குத் தெரியாததா?"

"அடுத்த வருஷம் பாரு, சம்பந்தி என் தலையப் பாத்து வயிறு எரியப் போறாரு!"

"ஒரு வருஷம் கழிச்சு மழிச்சாக்கூட நட்ட முடி திரும்ப வளரும்னு டாக்டர் சொன்னார்."

"அத எதுக்குக் கேட்ட?"

"பெருமாள் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டீங்களே, கல்யாணத்துக்குக் குறை வந்துடக் கூடாதில்ல?" சுபத்ரா பேனாவை மூடினாள். "முடி முழுசா வந்ததும் உங்களத் திருப்பதிக்குக் கூட்டிட்டு வந்து மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன்."