இடது காலுக்கு ஒரு வேலை

"மாப்பிள்ளை, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வண்டி ஓட்டறப்போ உங்க இடது கால் என்ன பண்ணுது?" என்றார் மாமனார்.

சிக்னலில் நின்றிருந்த காருக்குள் மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். இடது கால் சும்மா கிடந்தது.

"இது ஆட்டோமேட்டிக் மாமா. அதுக்கு வேலை இல்ல."

"அப்போ கார் தானா போகுது, நீங்க கூட உக்காந்து போறீங்க. அப்படித்தானே?"

பின்சீட்டில் மனைவி சிரிப்பை அடக்குவது கண்ணாடியில் தெரிந்தது. மாமனார் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் மாப்பிள்ளையை எதற்கும் வாய்திறந்து பாராட்டியதில்லை. மாப்பிள்ளைக்கோ அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையில் சுழிக்கிறவர். தன்னையே ஒருவர் சுழித்துவிட்டால் தூக்கம் வருமா?

மறுநாளே காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். மாமனாரின் லாரியைக் காலங்காலமாகப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்தான்.

"இதைக் கியர் வண்டியா மாத்தணும்."

மெக்கானிக் கையைத் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் கியர்லேருந்து ஆட்டோமேட்டிக்குத்தான் சார் போறாங்க. கியர்பாக்ஸ், கிளட்ச், வயரிங் எல்லாத்தையும் கழட்டணும். உங்களுக்குக் கியர் ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் வாங்கறப்போ ஓட்டினேன்."

"அது எப்போ?"

"அது எதுக்கு இப்போ?"

பத்தாம் நாள் கார் தயார். நடுவில் உருண்டைத் தலையோடு கியர் கம்பி, கீழே மூன்றாவதாக ஒரு பெடல்.

"கிளம்பறப்போ ஒண்ணுல போடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்தார், கியரைப் போட்டார், காலை எடுத்தார். வண்டி அலுங்காமல் குலுங்காமல் நகர்ந்தது. வீடு வரைக்கும் ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது சொன்னார்: "பரவாயில்லயே மாப்பிள்ளை. கை நல்லா பேசுது."

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். அவள் அரை மணி நேரத்தில் தெருவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். அதையும் தன் கற்பிக்கும் திறமையில் சேர்த்துக்கொண்டார்.

அச்சகத்தில் டீ நேரம் முழுக்க அதே பேச்சு. "கியருங்கறது ஒரு சங்கீதம். சிலருக்குத்தான் அமையும்."

இது மேனேஜர் காதுக்குப் போயிற்று. அடுத்த வாரம் வேன் டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எண்ணூறு பள்ளிக்கூட டைரிகள் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மேனேஜர் சாவியைக் கொண்டுவந்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"நீங்க கியர்ல புலியாமே."

வேன் ஒரு எம்பு எம்பி நின்றது. மறுபடி எம்பி மறுபடி நின்றது. ஆறாவது எம்பலில் பின்கதவு திறந்துகொண்டது, டைரிக் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் இறங்கின. எடுத்து அடுக்கலாமென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வேன் சரிவில் பின்னாலேயே உருண்டு போய் கேட் தூணில் சாய்ந்து ஓய்வெடுத்தது.

மாடி ஜன்னலிலிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஜன்னலைச் சாத்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பைண்டிங் செக்‌ஷன் அக்கா பசைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் இறங்குங்க சார்" என்று ஏறி உட்கார்ந்து, கட்டுகளை ஏற்றச் சொல்லி, ஒரே மூச்சில் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

வேன் திரும்பி வந்ததும் மாப்பிள்ளை மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்தார். "கிளட்ச் கோளாறுன்னு ஒரு வார்த்தை மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. என் மானம் தப்பிக்கும்."

மெக்கானிக் வேனை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "இதுல ஒரு குறையும் இல்ல சார்."

"அப்போ என் கார் மட்டும் எப்படிப் பூ மாதிரி போகுது? சில நேரம் கிளட்ச்ச மிதிக்க மறந்தாக்கூட கியர் விழுதே."

மெக்கானிக் காதைச் சொறிந்தார். கேட் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் சொன்னேன்னு உங்க மாமனார்கிட்ட சொல்லிடாதீங்க சார். நீங்க காரை விட்டுட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே வந்துட்டார். 'மாப்பிள்ளை ஆசைக்குக் கையில ஒரு கம்பி, காலுல ஒரு பெடல் வெச்சுக் குடுத்துடு, உள்ள எதையும் தொட்டுடாத, என் பொண்ணு அதுலதான் உக்காந்து போறா'ன்னார்."