சோப்புத் தலையோடு ஆஸ்பத்திரிக்கு

பாசத்துக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கொழுந்தன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் முறை. வீட்டில் மற்றவர்கள் முழு நலம், நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி இதயம் செத்துப்போனதாக டாக்டரம்மா சொல்கிறார். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேசவிட்டதே இல்லை. அதோடு உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்று மூன்று வருஷமாக வாய்வரை வந்து திரும்பிப் போகிறது. கேட்டால் என் முகத்திலேயே முழிக்க மாட்டீர்களோ என்று பயம். இந்தத் தாள் முடிவதற்குள் எப்படியாவது எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் குழாய் உடைந்து, மொத்தத் தண்ணீரையும் அடைத்துவிட்டு, புதுக் குழாய் வைத்து மூட்டுக்குப் பசை போட்டேன். அது காய அரை மணி நேரம். அப்போதுதான் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது, இடது கை இழுத்தது, வேர்வையில் சட்டை தொப்பலாக நனைந்தது. தண்ணீரை அடைத்தவன்தான் திறக்க வேண்டும் என்பது அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் சட்டம் ஆயிற்றே, அதனால் மூட்டில் பசை காய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாடிக்காரர் பாதிக் குளியலில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் துண்டும் தலை நிறைய சோப்பு நுரையுமாக என்னைத் திட்டுவதற்கென்றே இறங்கி வந்தார். திட்ட ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். "கேஸ்தான் சார், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றேன். "கேஸா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும், நீ வண்டியில ஏறு" என்று அதே கோலத்தில் காரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் தள்ளுவண்டியில் படுக்க வைக்கப் பார்த்தார்கள்.

மணிக்கட்டு வழியாக ஒரு கம்பியை விட்டு, அடைப்பில் பலூனை ஊதி, ஸ்டென்ட் என்று ஒரு வலைக்குழாயை வைத்தார்கள். நான் முழித்துக்கொண்டே திரையில் பார்த்தேன். "எத்தனை இஞ்சும்மா?" என்று கேட்டேன். "மூணு மில்லிமீட்டர். பேசாம படுங்கய்யா" என்றார் டாக்டரம்மா. மெயின் வால்வை அடைக்காமல், தண்ணீர் ஓடும்போதே குழாய் மாற்றுகிற ஆளை இந்த முப்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். மறுநாள் அவர், "வலி வந்ததும் கிளம்பியிருந்தா இந்தக் கால்வாசியும் பிழைச்சிருக்கும். இன்னும் தாமதிச்சிருந்தா ஆளே இல்ல" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அண்ணன் ஞாபகம்தான். சோறு இறங்கவில்லை, அண்ணி. வீட்டில் உப்பு குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் இப்படித்தான் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட இருந்தவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அதிலிருந்து அவரைத் திட்டாமல் நீங்கள் போனை வைத்ததில்லை. "கூப்பிட்ட தம்பி பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பாரே, அந்த மனுஷனுக்கு என் நெனப்பே இல்லையே" என்று நீங்கள் அழும்போதெல்லாம் நான் உம் கொட்டிக்கொண்டிருப்பேன்.

காலையில் நாலு மாத்திரை, ராத்திரி மூன்று. சாயந்திரம் தெருமுனைவரை நடை. வீட்டில் ஸ்பேனரைத் தொடக்கூட விடுவதில்லை, சமையலறைக் குழாய் என் கண் முன்னால் ஒழுகுகிறது. உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். இந்தத் தம்பி இன்னும் கொஞ்ச காலம் ஓட நீங்கள்தான் மனசார வாழ்த்த வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்

பின்குறிப்பு: தாள் முடிந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன். அண்ணன் பிடிவாதம் பிடிக்கவில்லை, அண்ணி. "என்னமோ பண்ணுதுடா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று சொன்னது அவர்தான். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார். "வெறும் கேஸுண்ணே, மூட்டு காயட்டும், தண்ணியைத் திறந்துட்டே போகலாம்" என்று சோடாவைக் கொடுத்து உட்கார வைத்தவன் நான். திறந்துவிட்டு வந்து பார்த்தபோது மூச்சில்லை. இனிமேல் அவரைத் திட்டாதீர்கள்.